கேப்டன் லட்சுமி: தொண்டர் படைத்தலைவி ஒருவரின் வாழ்வும் மொழிகளும்

1. முன்னுரை

சென்னையில் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்று, சிங்கப்பூரில் மருத்துவராகத் தொழில் நடத்திவந்த லட்சுமி சுவாமிநாதன், 1943ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தம் 28ஆம் வயதில், இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவுக்குத் தலைமை ஏற்க இசைந்தார். அதற்கு முன்பு அவர் எந்தப் படையிலும் பணியாற்றியவர் அல்லர். அவருடைய படைவாழ்வு ஏறத்தாழ இரண்டாண்டுகளே நீடித்தது. ஆயினும் 2012ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் கான்பூரில் தம் 97ஆம் வயதில் மறையும் வரை அவர் ‘கேப்டன் லட்சுமி’ என்றே அறியப்பட்டார்.

இவ்வாழ்வை விடுதலைப் போராட்ட வரலாற்றின் ஒரு பகுதியாகவும், மகளிர் வரலாற்றின் ஒரு பகுதியாகவும் பலர் எழுதியுள்ளனர். மொழி நோக்கில் அது போதிய அளவு ஆராயப்படவில்லை. அவர் தலைமை தாங்கிய படைப்பிரிவில் பெரும்பாலோர் தமிழ் பேசும் பெண்கள். படையின் அலுவல்மொழியோ இந்துஸ்தானி. அதன் எழுத்தோ உரோமன். தலைவியும் அம்மொழியைப் பிறப்பால் பெற்றவர் அல்லர். பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் ஒருங்கே அயலான ஒரு மொழியில் ஒரு படை எவ்வாறு இயங்கியது, அம்மொழியை அப்பெண்கள் ஏன் ஏற்றனர் என்னும் இரு வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை லட்சுமியின் வாழ்வை நோக்குகிறது.

2. பிறப்பும் கல்வியும்

லட்சுமி 1914ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை எஸ். சுவாமிநாதன் சென்னையில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் அன்றைய மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆனக்கரை என்னும் ஊரினர்; காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்டு, பின்னர் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினராக விளங்கியவர். நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய் லட்சுமியின் தங்கை. தந்தை வழியில் தமிழும் தாய் வழியில் மலையாளமும் உரியனவாக, மேல்தட்டுக் குடும்பங்களில் அக்காலத்தில் வழக்கிலிருந்த ஆங்கிலமும் சேர, லட்சுமி மும்மொழிச் சூழலில் வளர்ந்தார். இந்துஸ்தானி அம்மூன்றனுள் இல்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த 1938ஆம் ஆண்டு மொழி வரலாற்றிலும் கருதத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டு பிப்ரவரியில் அரிபுரா காங்கிரசு மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய சுபாஷ் சந்திர போஸ், இந்திக்கும் உருதுவுக்கும் இடைப்பட்ட இந்துஸ்தானி இந்தியாவின் பொதுமொழியாதல் வேண்டும் என்றும், அது உரோமன் எழுத்தில் எழுதப்படுதல் நலம் என்றும் கருத்துரைத்தார். 1934ஆம் ஆண்டு துருக்கிக்குச் சென்று அங்கு எழுத்துச் சீர்திருத்தத்தின் விளைவுகளைக் கண்டமையே தம் கருத்து மாறக் காரணம் என்றும் அவர் குறிப்பிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை பிறப்பித்தது. அதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் சிறை சென்றனர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939ஆம் ஆண்டில் உயிர் நீத்தனர். 1940ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

அதே 1940ஆம் ஆண்டில் லட்சுமி சென்னையை விட்டுச் சிங்கப்பூர் சென்றார். எம்மொழியைக் கட்டாயப் பாடமாக ஏற்க மறுத்துச் சென்னையில் பெண்கள் சிறை புகுந்தனரோ, அம்மொழியில் மூன்றாண்டுகளுக்குப் பின்னர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள் படைப்பயிற்சி பெற்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

3. சிங்கப்பூரும் படையின் தோற்றமும்

சிங்கப்பூரில் லட்சுமி தொடங்கிய மருத்துவமனையை நாடி வந்தோருள் இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த ஏழைத் தொழிலாளர் பலர். வழக்கறிஞர் இல்லத்தில் கேட்டறியாத தமிழை, தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்தோர் வாயிலாக அவர் கேட்டறிந்த இடம் அதுவே எனலாம்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. இரு நாள் கழித்து, சரணடைந்த இந்தியப் படையினர் பாரர் பூங்காவில் திரட்டப்பட்டுச் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்குச் சப்பானிய அதிகாரி புஜிவாரா ஆற்றிய உரை சப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து இந்துஸ்தானிக்கும் அவ்விடத்திலேயே பெயர்க்கப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கமே இவ்வாறு இருமடி மொழிபெயர்ப்பில் அமைந்தது என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளத் தக்கது. மோகன் சிங் தலைமையில் உருவான முதற்படை அவ்வாண்டு இறுதியில் சப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கால் கலைந்தது.

1943ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் போஸ் சிங்கப்பூர் வந்தடைந்தார். 4ஆம் நாள் இராஷ் பிகாரி போஸிடமிருந்து இயக்கத்தின் தலைமையை ஏற்றார். 9ஆம் நாள் நடந்த பெருங்கூட்டத்தில் பெண்களுக்கெனத் தனிப் படைப்பிரிவு ஒன்று அமைய வேண்டும் என அறிவித்தார். பெண்கள் சீருடை அணிந்து அணிவகுப்பது போஸுக்குப் புதிதன்று. 1928ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரசு மாநாட்டில் அவர் அமைத்த தொண்டர் படையில் மகளிர் பிரிவும் இருந்தது. சிங்கப்பூரில் சூலை 12ஆம் நாள் நடந்த மகளிர் கூட்டத்தில், லட்சுமி திரட்டிய சிறு மகளிர் குழு வெண்புடவை உடுத்தி, துப்பாக்கி ஏந்தி, போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தது. படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்குமாறு போஸ் கேட்க, லட்சுமி இசைந்தார். அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது அதில் மகளிர் துறைக்குப் பொறுப்பாளராகவும் இடம்பெற்றார். மறுநாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

இந்திய தேசிய இராணுவத்தில் இரு வகையினர் இருந்தனர். ஒரு சாரார் பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து போர்க்கைதிகளாகி இதில் சேர்ந்தோர். இவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள். மறுசாரார் மலாயா, பர்மா முதலிய நாடுகளில் வாழ்ந்த குடிமக்களிடையிலிருந்து தாமே முன்வந்து சேர்ந்தோர். இவர்களுள் தமிழரே மிகுதி. லட்சுமி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவர் தலைமை தாங்கிய பிரிவோ முற்றிலும் இவ்வகையினரால் ஆனது. ‘தொண்டர்’ என்னும் தமிழ்ச்சொல் காங்கிரசு இயக்கக் காலத்தில் ஆங்கில ‘வாலண்டியர்’ என்பதற்கு நிகராக நிலைபெற்றது. ஆங்கிலச் சொல் விருப்பத்தை முதன்மைப்படுத்துகிறது. தமிழ்ச்சொல் பணியை முதன்மைப்படுத்துகிறது. அடியார் பணியைக் குறித்த பழைய பொருள் அதன் பின்னணியில் நிற்கிறது. இக்காலத் ‘தன்னார்வலர்’ என்னும் ஆக்கம் ஆங்கிலச் சொல்லின் பொருட்கூற்றை ஒட்டி எழுந்தது. ஜான்சி ராணிப் படையினரைக் குறிக்கையில் இரு பொருளும் தேவைப்படுகின்றன.

4. படையின் மொழி

4.1 இந்துஸ்தானியும் உரோமன் எழுத்தும்

பிரித்தானிய இந்தியப் படை வீரர்களை இனம், சாதி, வட்டாரம் என்னும் அடிப்படையில் பிரித்து அமைத்திருந்தது. இந்திய தேசிய இராணுவம் அப்பிரிவினையை நீக்கி, அனைவரையும் ஒரே பந்தியில் உண்ணவும் ஒரே அணியில் நிற்கவும் செய்தது. அதற்கு இசைவாகப் பொதுமொழி ஒன்றும் வேண்டப்பட்டது. இந்துஸ்தானியே அதற்குரியதாகக் கொள்ளப்பட்டது. அரிபுராவில் போஸ் முன்மொழிந்ததை நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு சிங்கப்பூரில் கிட்டியது. உரோமன் எழுத்தில் உருது கற்பிக்கும் வழக்கம் பிரித்தானிய இந்தியப் படையிலேயே இருந்தமையால் போர்க்கைதிகளாயிருந்து வந்த வீரர்களுக்கு இது புதிதன்று.

உரோமன் எழுத்தைத் தேர்ந்தமைக்கு அரசியற் காரணம் வெளிப்படை. தேவநாகரி ஒரு சாரார்க்கும், பாரசீக-அரபு எழுத்து மற்றொரு சாரார்க்கும் உரியனவாகக் கருதப்பட்ட காலத்தில், உரோமன் இருவர்க்கும் பொதுவாக நின்றது. ஆனால் இவ்வாதம் வட இந்தியரை நோக்கியது. தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை சிக்கல் வேறு. மலாயாவின் நகரங்களில் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர்க்கு உரோமன் எழுத்து தெரிந்திருந்தது. கற்க வேண்டியது மொழியை மட்டுமே. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டு பயின்றோர்க்கு மொழியும் எழுத்தும் புதியன. எழுத்தறிவே பெறாதோர்க்கு, முதன்முதலாகக் கற்கும் எழுத்து தம் தாய்மொழிக்கு உரியதல்லாத ஒன்றாக அமைந்தது. ஒரே முகாமில் இம்மூவகையினரும் இருந்தனர்.

ஒலியியல் நோக்கிலும் இது கருதத்தக்கது. தமிழ் நெடுங்கணக்கில் ககரம் ஒன்றே. இந்துஸ்தானியிலோ அவ்விடத்தில் ஒலிப்பிலா ஒலி, ஒலிப்புடை ஒலி, அவற்றின் மூச்சொலிகள் என நான்கு ஒலிகள் பொருள் வேறுபடுத்தும் ஒலியன்களாக நிற்கின்றன. தமிழ் எழுத்தில் இந்துஸ்தானியை எழுதிக் கற்பித்திருப்பின் இவ்வேறுபாடுகள் மறைந்திருக்கும். உரோமன் எழுத்து அவற்றைக் காட்டியது. எனவே வட இந்தியரின் பிணக்கைத் தீர்க்கத் தேர்ந்த எழுத்து, தமிழர் அயலொலிகளைப் பயில்வதற்கும் எதிர்பாராத வகையில் துணையாயிற்று எனலாம்.

எனினும் இந்துஸ்தானி மட்டுமே கொண்டு இயக்கம் நடந்துவிடவில்லை. போஸ் மலாயாவில் இந்துஸ்தானியில் உரையாற்றியபோது தமிழ் மொழிபெயர்ப்பும் உடன் நிகழ்ந்தது. இயக்கத்தின் செய்தித்தாள்கள் தமிழிலும் மலையாளத்திலும் வெளிவந்தன. படைக்கு ஆள் திரட்ட லட்சுமி மலாயாவில் பயணம் செய்தபோது அவருக்குக் கைகொடுத்தவை அவர் பிறந்த வீட்டு மொழிகளே. அணிவகுப்பின் மொழி ஒன்று. அணிக்கு அழைத்த மொழி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் நின்றவர்கள் லட்சுமி போன்ற பன்மொழி அறிந்த அதிகாரிகள். ஒருமொழிக் கொள்கையை நடைமுறையில் தாங்கி நின்றவர்கள் பன்மொழியாளரே என்பதற்கு இப்படைப்பிரிவு தக்க சான்றாகும்.

4.2 படைச்சொற்கள்

படைத்துறைச் சொற்களைத் தமிழ் கடனாகப் பெறுவது அன்று முதன்முறையாக நிகழ்ந்ததன்று. நவாபு ஆட்சிக் காலத்திலும் கும்பினிப் படைகளின் காலத்திலும் பாரசீக, உருதுச் சொற்கள் பல தமிழில் புகுந்தன. ‘சுபேதார்’, ‘ஜமேதார்’, ‘சிப்பாய்’, ‘பாரா’ முதலியன அத்தகையன. ‘ஆசாத் ஹிந்த் பௌஜ்’ என்னும் பெயரில் உள்ள ‘பௌஜ்’ என்பதும் ‘பவுஞ்சு’ என்னும் வடிவில் தமிழில் முன்னரே வழங்கிய சொல்லாகும். பவுஞ்சு, பாரா, சிப்பாய் ஆகிய மூன்றும் செவிவழி புகுந்து தமிழ் ஒலியமைப்புக்கு முற்றிலும் அடங்கியவை: பகரமாகிய உரசொலி, நீங்கிய ஹகரம், இறுதியில் ஏறிய உகரம் ஆகியவை அதனைக் காட்டுகின்றன. 1943இல் வந்த இரண்டாம் அலைச் சொற்கள் எழுத்து வழியாகவும் புகுந்தமையால் பெரிதும் திரியாமல் நின்றன. ‘ஜெய் ஹிந்த்’ என்னும் வாழ்த்து இதற்குச் சான்று. இவ்வாழ்த்தை உருவாக்கிய பெருமை ஐதராபாத்தைச் சேர்ந்த அபித் ஹசனுக்கு உரியது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. சமயச் சார்பற்ற வாழ்த்து ஒன்று வேண்டும் என்னும் தேவையிலிருந்து அது பிறந்தது. பேச்சில் ஹகரம் மெலிந்தாலும் எழுத்தில் தமிழர் இன்றும் அதனைக் காத்து எழுதுகின்றனர்.

படையின் குறிக்கோளாக அமைந்த மூன்று சொற்கள் ‘இத்திஹாத்’, ‘இத்மாத்’, ‘குர்பானி’ என்பன. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பன அவற்றின் பொருள். மூன்றும் அரபு வழிச் சொற்கள். இவற்றுள் ‘குர்பானி’ தமிழ்ப் படையினரிடையே வெவ்வேறு வகையில் ஒலித்திருக்க வேண்டும். தமிழ் முசுலிம்களுக்கு அது பக்ரீத் பெருநாளில் அளிக்கும் பலியைக் குறிக்கும் வீட்டுச் சொல். மலையாளக் கிறித்தவர்க்கு அதன் சிரியாக் உறவாகிய ‘குர்பானா’ திருப்பலி வழிபாட்டைக் குறிக்கும். ஏனையோர்க்கு அது பொருளறியா அயற்சொல். தமிழில் ‘தியாகம்’ எனப் பெயர்த்தால் தன்னலத் துறவு முன்னிற்கும். ‘பலி’ எனப் பெயர்த்தால் குருதி முன்னிற்கும். மூலச்சொல் இரண்டையும் தாங்கியது. போருக்குச் செல்வோரிடம் கேட்கப்பட்டதும் அவ்விரண்டுமே.

நாட்டுப்பண்ணும் மொழிபெயர்ப்பாளர் கருத்துக்குரியது. தாகூர் வடமொழிச் சொற்கள் செறிந்த வங்காளத்தில் இயற்றிய ‘ஜன கண மன’ என்னும் பாடலைத் தழுவி, எளிய இந்துஸ்தானியில் ‘சுப சுக சைன்’ எனத் தொடங்கும் பாடல் ஆக்கப்பட்டது. அபித் ஹசனும் மும்தாஜ் உசேனும் சொல்லமைக்க, இராம் சிங் தாக்குரி இசையமைத்தார். இது சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஆக்கமன்று. பாடுவோர் தகுதியை முதன்மையாகக் கொண்டு மறுபடைப்புச் செய்யப்பட்ட ஆக்கம். கற்றோர் மொழியிலிருந்து கல்லாதார் நாவுக்கு ஒரு பாடலை இறக்கிய முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

4.3 பிரட்டும் அணிவகுப்பும்

மலாயா, இலங்கைத் தோட்டத் தமிழில் ‘பிரட்டு’ அல்லது ‘பெரட்டு’ என்றொரு சொல் உண்டு. விடியுமுன் தொழிலாளர் வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, அன்றைய வேலையைப் பெறும் நிகழ்ச்சியை அது குறிக்கும். அது நடைபெறும் இடம் பிரட்டுக்களம். ‘அணிவகுப்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலப் ‘பரேடு’ என்பதன் திரிபாக இச்சொல்லைக் கொள்வர். படைத்துறைச் சொல்லொன்று தோட்டத்தில் தொழிலாளரை எண்ணும் சொல்லாகச் சுருங்கியது.

லயங்களிலிருந்து ஜான்சி ராணிப் படைக்கு வந்த பெண்கள் அதே சொல்லை அதன் முதற்பொருளில் மீண்டும் எதிர்கொண்டனர். பிரட்டுக்களத்தில் கங்காணியும் கிராணியும் அவர்களை எண்ணினர். அணிவகுப்புத் திடலில் அவர்கள் எண்ணப்பட்டனர் என்பது உண்மையே. ஆயின் ஏந்தியது பால் வெட்டும் கத்தியன்று, துப்பாக்கி. இரு களங்களிலும் ஆணை உண்டு. ஆணையின் மொழியில்தான் வேறுபாடு.

தமிழில் ஏவல் வினை கேட்போர் தகுதிக்கேற்ப வடிவு மாறும். ‘நில்’, ‘நில்லும்’, ‘நில்லுங்கள்’ என்பன ஒரே ஆணையாயினும் சமூகப் பொருளில் ஒன்றல்ல. இவற்றோடு ‘அடி’, ‘அடா’ என்னும் விளிகள் சேரும்போது ஏற்றத்தாழ்வு மேலும் கூர்மையடையும். தோட்டத்தில் பெண் தொழிலாளி கேட்டது பெரும்பாலும் இவ்வரிசையின் கீழ்ப்படியில் உள்ள வடிவங்களையே. லட்சுமி தமிழிலேயே ஆணையிட்டிருப்பின், மேல்தட்டுக் குடும்பத்து மருத்துவரின் தமிழ், கூலித் தொழிலாளியின் தமிழோடு அவ்வரிசைக்குள்ளேயே உறவு கொண்டிருக்க வேண்டும். எந்த ஏவல் வடிவைத் தேர்ந்தாலும் அது ஏதேனும் ஒரு சமூக உறவைச் சுட்டியிருக்கும்.

இந்துஸ்தானியிலும் ஏவலுக்குத் தகுதி வேறுபாடு உண்டு. படைப்பயிற்சி ஆணைகள் அங்கும் மரியாதை விகுதி ஏற்காத வெற்று வடிவங்களே. ஆயினும் தமிழ்க் காதுக்கு அவை இழிவாக ஒலிக்கவில்லை; பிறந்தது முதல் கேட்டுப் பழகிய அவமதிப்பின் நினைவு எதுவும் அச்சொற்களில் ஒட்டியிருக்கவில்லை. மேலும், இந்துஸ்தானி வினைமுற்று பால் காட்டும். ஏவலோ பால் காட்டாது. ஆடவர்க்கு உரிய ஆணையே மாற்றமின்றிப் பெண்டிர்க்கும் உரியதாயிற்று. தொடக்கத்தில் பயிற்சியளித்தோர் ஆடவராகிய படைவீரர்கள். அவர்களிடம் தலைவியும் தொண்டரும் ஒருங்கே பயின்றனர். லட்சுமிக்கும் பால் வெட்டும் பெண்ணுக்கும் அம்மொழி ஒரே தொலைவில் இருந்தது. அயல்மொழி என்பதாலேயே அது அவர்களைச் சமநிலையில் நிறுத்தியது என்பது இக்கட்டுரையின் முதன்மைக் கருத்தாகும்.

5. பர்மாவும் படையின் முடிவும்

படையின் தொகை உச்சநிலையில் ஆயிரத்தை ஒட்டியது எனப் பொதுவாகக் கூறுவர். அதனினும் மிகக் குறைவென மதிப்பிடும் ஆய்வாளரும் உளர். 1944ஆம் ஆண்டு தொடக்கத்தில் தற்காலிக அரசின் தலைமையிடம் இரங்கூனுக்கு மாறியது. ஜான்சி ராணிப் படையின் ஒரு பகுதியும் பர்மா சென்றது. அவ்வாண்டு மார்ச்சு முதல் சூலை வரை நடந்த இம்பால் போரில் சப்பானியப் படையும் இந்திய தேசிய இராணுவமும் தோல்வியுற்றன. மகளிர் படை போர்முனையில் ஈடுபடுத்தப்படவில்லை. மேமியோவிலும் இரங்கூனிலும் காயமுற்றோரையும் நோயுற்றோரையும் பேணும் பணியே அவர்களுக்கு வாய்த்தது. லட்சுமி மீண்டும் மருத்துவரானார். போர்ப்பயிற்சி பெற்ற பெண்கள் போரிடவில்லை என்பதைக் குறையாகக் காட்டுவோர் உளர். தோற்றுத் திரும்பும் படையின் மருத்துவமனை போர்முனையினும் எளிய இடமன்று என்பதையும் உடன் கருதுதல் வேண்டும்.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் போஸ் இரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது மகளிர் படையின் ஒரு பிரிவு அவருடன் பாங்காக்கு நோக்கிச் சென்றது. வழியில் பெரும்பகுதி நடைப்பயணம். அப்பிரிவை நடத்திச் சென்ற சானகி தேவர் கோலாலம்பூரில் பிறந்த தமிழ்ப் பெண். அப்போது இருபது வயதளவினர். பின்னர் சானகி ஆதி நாகப்பன் என்னும் பெயரில் மலேசிய மேலவை உறுப்பினராக விளங்கி, 2000ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மசிறீ விருது பெற்று, 2014ஆம் ஆண்டு மறைந்தார். லட்சுமி பர்மாவிலேயே தங்கி, 1945இல் பிரித்தானியரிடம் பிடிபட்டார். அங்கே காவலில் வைக்கப்பட்டு, 1946ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்குள் தில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது நடந்த வழக்கு முடிந்திருந்தது. நாடெங்கும் எழுந்த எழுச்சியால் அவர்களுக்கு விதித்த தண்டனை தள்ளுபடியாயிற்று.

6. விருப்பமும் கட்டாயமும்

சென்னையில் எதிர்க்கப்பட்ட மொழி மலாயாவில் ஏற்கப்பட்டமைக்குக் காரணம் யாது? மலாயாத் தமிழர் தாய்மொழிப் பற்றில் குறைந்தவர் என்று கூற இயலாது. இரு சூழல்களிலும் மொழியின் இலக்கணம் ஒன்றே. மொழி வந்த வழி வேறு. சென்னையில் அது அரசாணையாகப் பள்ளிக்குள் நுழைந்தது. மறுப்பதற்கு மாணவர்க்கு இடமில்லை. மலாயாவில் படையில் சேர்வது ஒருவர் தம் முடிவு; சேர்ந்தபின் மொழி அம்முடிவின் பகுதியாயிற்று. மேலும் அங்கு இந்துஸ்தானி கற்றோர் தமிழை இழக்குமாறு கேட்கப்படவில்லை. அழைப்பும் செய்தியும் தமிழில் தொடர்ந்தன.

எனினும் ‘விருப்பம்’ என்னும் சொல்லை எச்சரிக்கையுடன் ஆளுதல் வேண்டும். சப்பானியர் ஆட்சியில் தோட்டங்கள் முடங்கின, பசி பரவியது. சயாம்-பர்மா இரயில்பாதைப் பணிக்கு மலாயாத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அச்சூழலில் படைமுகாம் உணவும் காப்பும் அளிக்கும் இடமாகவும் தோன்றியிருக்கும். நாட்டுப்பற்று, பசி, அச்சம், தோட்ட வாழ்விலிருந்து விடுபடும் வேட்கை ஆகியவற்றை ஒருவர் மனத்தில் பிரித்தறிவது எளிதன்று. கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் இடைப்பட்ட இப்பரப்பிலேயே பெரும்பாலான மொழித் தேர்வுகள் நிகழ்கின்றன என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

போஸின் உரோமன் எழுத்து இந்துஸ்தானி விடுதலைக்குப் பின் தொடரவில்லை. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக ஏற்றது. லட்சுமியின் தாய் உறுப்பினராக இருந்த அவை அது. மகள் பயின்று ஆணையிட்ட மொழிக்கும் எழுத்துக்கும் அத்தீர்மானத்தில் இடமில்லை.

7. ‘கேப்டன்’ என்னும் பட்டம்

1947ஆம் ஆண்டு மார்ச்சில் லட்சுமி, பிரேம் குமார் சாகலை இலாகூரில் மணந்து, கான்பூரில் குடியேறினார். பிரிவினையால் வந்த அகதிகளுக்கு மருத்துவம் செய்தார். பின்னர் அந்நகரின் ஏழைகளுக்குப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1971இல் வங்காளதேச அகதிகளிடையேயும், 1984இல் போபால் நச்சுவாயுப் பேரழிவின்போதும் மருத்துவத் தொண்டு செய்தார். மார்க்சிய பொதுவுடைமைக் கட்சியில் இணைந்து, 1981இல் அனைத்திந்திய சனநாயக மாதர் சங்கத்தை நிறுவியோருள் ஒருவரானார். 1998இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 2002ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகளின் வேட்பாளராக ஆ.ப.ஜெ. அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோல்வியுற்றார். போட்டியிட்ட இருவரும் பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள்.

இவ்வாறு அறுபதாண்டுக்கு மேற்பட்ட குடிமை வாழ்வும் அவருடைய பெயரிலிருந்து படைப்பட்டத்தை நீக்கவில்லை. படையில் அவர் ‘கேப்டன்’ என்பதினும் உயர்ந்த தகுதியை எய்தியவர். மக்கள் வழக்கோ முதலில் கேட்ட பட்டத்தையே பற்றி நின்றது. தமிழில் இச்சொல்லின் வரலாறும் நீண்டது. போர்த்துக்கீசிய வழியில் ‘கப்பித்தான்’ என வந்து கப்பல் தலைவரையும் படைத்தலைவரையும் குறித்தது. ஆங்கில வழியில் ‘கேப்டன்’ என மீண்டும் வந்து படைத்தகுதியையும் விளையாட்டு அணித்தலைவரையும் குறித்தது. லட்சுமியின் பெயர்முன் நிற்கையில் அது குறிப்பிட்ட ஒரு படைத்தகுதியைக் குறிப்பதை விடுத்து, பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டது. மொழிபெயர்ப்போர் இதனைத் ‘தளபதி’ என்றோ ‘படைத்தலைவி’ என்றோ பெயர்க்கையில் பொருள் கிட்டும். ஆனால் பெயர் மறையும். படைத்தகுதியைக் குறிக்கும்போது பெயர்ப்பதும், பெயரடையாகும்போது அவ்வாறே விடுவதும் தக்க நெறியாகும்.

படைப்பிரிவின் பெயரும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் ‘ஜான்சியின் ராணி’ என உரிமைத் தொடராக நிற்பது, தமிழில் ‘ஜான்சி ராணி’ என ஒட்டித் தொகையாயிற்று. அத்தொகை மேலும் இறுகி ‘ஜான்சிராணி’ என்னும் பெண்பாற் பெயராகத் தமிழ்நாட்டில் வழங்குகிறது. மராட்டிய அரசியொருவரின் பட்டம் தமிழ்ச் சிற்றூர்ப் பெண்களின் இயற்பெயரானது விடுதலை இயக்கம் பரப்பிய நினைவால் ஆகும். அந்நினைவைத் தமிழரிடையே ஆழப் பதித்தவற்றுள் இப்படைப்பிரிவும் ஒன்று.

8. முடிவுரை

லட்சுமியின் படைவாழ்வை வெற்றி தோல்விகளைக் கொண்டு அளப்பின் அது சிறியதாகவே தோன்றும். அவருடைய படை எந்தக் களத்தையும் வெல்லவில்லை. எந்த ஊரையும் பிடிக்கவில்லை. மொழி நோக்கில் அது தரும் செய்தி வேறு. பொதுமொழி ஒன்று மக்களைச் சமன் செய்வது அதன் இயல்பால் அன்று; அதனை நோக்கி வருவோர் அனைவரும் ஒரே தொலைவிலிருந்து, தம் கால்களால் நடந்து வரும்போதே அது நிகழ்கிறது. எவர்க்கேனும் அது பிறப்புரிமையாகவும் பிறர்க்குக் கட்டளையாகவும் அமையும்போது அச்சமன்பாடு சிதைகிறது. 1938இன் சென்னையும் 1943இன் சிங்கப்பூரும் இவ்விரு நிலைகளுக்கும் சான்றாக நிற்கின்றன. ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய பெண்களின் நினைவுக் குறிப்புகளையும் நேர்காணல்களையும் வரலாற்றுச் செய்திகளுக்காக மட்டுமன்றி, அவற்றில் பதிந்துள்ள சொற்களுக்காகவும் தொகுத்து ஆராய்வது மொழியியலார் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.